பத்து செக்கன் போதாத குளிர்

ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்துவிட்டது என்ற கூச்சல் கேட்டபோது, கஸ்பர் பெரிய துரையின் காருக்குள் குனிந்து ஒரு சின்ன பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம். திம்புள்ளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஒரு வாரமாகக் காலையில் பனி உறைந்து கொழுந்து கருகிக்கொண்டிருந்தது. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை புதிதாக வாங்கிய ஜப்பான் காரின் வயர்களை, பங்களா கராஜில் எலி கடித்துப் போட்டுவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் வட்டவளையிலிருந்து கஸ்பரை வரவழைத்திருந்தார்கள். கார், லொறி வயரிங் என்றால் அந்தப் பக்கத்தில் அவன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். பழைய இங்கிலீஷ் கார்களின் வயரை அவன் தொட்டுப் பார்த்தே இது எங்கே போகிறது என்று சொல்லிவிடுவான்.

ஆனால் இந்தக் காரில் காபரேட்டரே இல்லை. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது, அது ஒரு கம்பியூட்டர் என்று கொழும்பில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு வயர்களை ஈயம் வைத்து ஒட்டி டேப் சுற்றினான். இடையில் அவசரப்பட்டு, இரண்டு வயர்களின் பிளக்கை மாட்டாமலேயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டான். அப்போதுதான் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லைட் பற்றியது. பிளக்குகளை மாட்டிய பிறகும் அது விட்டு விட்டு எரிந்தது. வயரிங்கை இரண்டு தடவை முதலிலிருந்து பார்த்துவிட்டான். எந்தக் குறையும் தெரியவில்லை.

துரை அன்று மாலை ரயிலில் கொழும்பிலிருந்து திரும்புகிறார். பங்களாவைச் சுற்றி ஓட்டியபோது கார் ஓடத்தான் செய்தது. கொஞ்சம் இருமியது, கரும்புகை விட்டது. எனக்குத் தெரியவில்லை என்று ஒரு துரையிடம் போய்ச் சொல்ல கஸ்பருக்கு மனசு வரவில்லை. அதனால் லைட்டின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் பங்களா படியில் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

முன்னால் வந்தவர் சூசைரட்ணம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபது வருஷமாக மருந்து கொடுக்கிறவர். எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா. அவருக்குப் பின்னால் அழகன் தன் மனைவி நாகலெட்சுமியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கொழுந்து பறிக்க அவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் அவிழவில்லை. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கிடந்தன. உதடு கறுத்திருந்தது.

“கஸ்பரு, கார் ஓடுமா?” என்று கேட்டார் சூசைரட்ணம்.

“என்னாச்சுங்கய்யா?”

“பருந்து குளவிக் கூட்டை அடிச்சிருச்சு. மத்தவங்களுக்கு ரெண்டு மூணு கொட்டுதான். இந்தப் புள்ளைக்கு முப்பதுக்கு மேல. மூச்சுக் குழல் அடைக்குது. எங்கிட்ட இருந்த ஒரே ஊசியையும் போட்டுட்டேன். லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

“லொறி?”

“தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டு நானுஓயாவுக்குப் போயிருச்சு. வேற ஒண்ணும் இல்ல. கார் ஓடுமா, ஓடாதா?”

கஸ்பர் அழகனைப் பார்த்தான். அவன் காலில் செருப்பில்லை. கழுத்தில் குளவி கொட்டிய இடம் தடித்திருந்தது, அது அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

“ஓடும். ஏத்துங்க” என்றான் கஸ்பர்.

பின் சீட்டில் நாகலெட்சுமியை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு சூசைரட்ணம் உட்கார்ந்தார். அழகன் முன்னால் ஏறினான். ஆஸ்பத்திரி ஏழு மைல். முதல் இரண்டு மைல் ஏற்றம். அதன் உச்சியைத் தாண்டிவிட்டால் கடைசி வரைக்கும் இறக்கம்தான்.

முதல் மைலில் கார் இருமிக்கொண்டே ஏறியது. டர்பன்டைன் மரங்கள் அடர்ந்த வளைவுக்கு வந்ததும் வெயில் அற்றுப்போய் மூடுபனிக்குள் நுழைந்தார்கள். கஸ்பர் அக்சிலேட்டரை அமுக்கினான். வேகம் ஏறுவதற்குப் பதில் குறைந்தது. பின்னால் கரும்புகை கிளம்பியது. எஞ்சின் இரண்டு தடவை உதறி நின்றுவிட்டது.

கஸ்பர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. பெட்ரோல் வாடை உள்ளே வரைக்கும் அடித்தது. எஞ்சின் பற்றவில்லை.

“என்னா பாஸ்?” என்றான் அழகன்.

“கொஞ்சம் பொறு.”

“எறங்கித் தள்ளவா?”

“இந்த ஏத்தத்துல ரெண்டு பேர் தள்ளி ஏறாது.”

பின் சீட்டிலிருந்து நாகலெட்சுமியின் மூச்சு கேட்டது. ஓட்டை விழுந்த துருத்தி இழுக்கிற மாதிரி இருந்தது. சூசைரட்ணம் அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமலேயே, “கஸ்பரு, உண்மையச் சொல்லு. இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?” என்றார்.

“ஆமாங்கய்யா” என்றான் கஸ்பர். “லைட் ஒண்ணு எரிஞ்சுச்சு. ஏன்னு எனக்கு வெளங்கல. துரைக்குத் தெரியக்கூடாதுன்னு பல்பக் கழட்டிட்டேன்.”

அழகன் அவன் பக்கம் திரும்பினான். கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது.

“பொஸ்தகம் இருக்கா?” என்று கேட்டார் சூசைரட்ணம். “காருக்கு ஒரு பொஸ்தகம் இருக்குமே.”

இருந்தது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையோடு. மூன்று நாளும் கஸ்பர் அதை எடுத்துப் பார்த்தான். எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டான். தோட்டத்தில் இங்கிலீஷ் படித்தவர் டிஸ்பென்சரியில் இருக்கிறார், போய்க் கேட்கலாம் என்று தோன்றியது உண்மை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று போகவில்லை.

சூசைரட்ணம் ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நாடியைப் பிடித்தபடி பக்கங்களைக் கட்டைவிரலால் தள்ளினார். “லைட்டு... எஞ்சின் லைட்டு...” என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இந்தக் கம்பியூட்டரு ஒரு பிழையக் கண்டுச்சுன்னா அத ஞாபகத்துல வச்சிருக்குமாம். வயரைச் சரி பண்ணினாலும் அது மறக்காதாம். பழைய கணக்குப்படியே பெட்ரோல் விடுமாம். ஒரு ஃபியூஸக் கழட்டி பத்து செக்கன் வச்சிருந்தா அந்த ஞாபகம் அழியும்னு போட்டிருக்கு. பேட்டரிக்குப் பக்கத்துப் பெட்டியில. பதினஞ்சுன்னு நம்பர் போட்ட ஃபியூஸ்.”

கஸ்பர் அதற்குள் பொனட்டைத் திறந்துவிட்டான். நீல நிறத்தில் அந்த ஃபியூஸ் மூன்றாவது வரிசையில் இருந்தது. பிடுங்கினான். வாய்விட்டுப் பத்து எண்ணினான். திரும்பக் குத்தினான். ஓடிவந்து, அக்சிலேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் பற்றியது. அழகன், “முருகா” என்றான்.

முப்பது கெஜம் கூடப் போகவில்லை. அதே புகை, அதே உதறல். திரும்பவும் நின்றது.

அழகன் கதவைத் திறந்து இறங்கினான். பின் கதவையும் திறந்தான். “குடுங்கய்யா. நான் தூக்கிட்டே ஓடுறேன்.”

“ஆறு மைலா?”

“பத்து மைலாயிருந்தாலும் ஓடுறேன். இந்தாளை நம்பி இதுக்குள்ள சாகணுமா அவ?”

“அழகா, தோள்ல போட்டா அவளுக்கு மூச்சு இன்னும் அடைக்கும். நிமித்தி வச்சிருக்கிறதாலதான் இந்த மூச்சாவது போகுது.”

அழகன் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு சாலையிலேயே நின்றான். சூசைரட்ணம் திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“கஸ்பரு. கீழ சின்ன எழுத்துல ஒண்ணு இருக்கு. வெளியில குளிரா இருந்தா பத்து செக்கன் பத்தாதாம். குளிர் கூடக்கூட அதிக நேரம் கழட்டி வைக்கணுமாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அது போடல.”

கஸ்பர் வெளியே பார்த்தான். காலைப் பனி உருகாத புல் வளைவோரம் வெள்ளையாகக் கிடந்தது. அவன் விட்ட மூச்சும் புகையாகப் போனது. ஜப்பானில் இருந்துகொண்டு இதை எழுதியவன் எந்தக் குளிரை நினைத்து எழுதினானோ.

“ஆறு நிமிஷம்” என்றான் கஸ்பர். ஏன் ஆறு என்று அவனுக்கே தெரியாது. “உங்க மணிக்கூட்டுல பாருங்கய்யா. அதுக்கு முன்னாடி நான் கேட்டாக்கூட விடாதீங்க.”

ஃபியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

வேலை செய்து பழகிய கைக்குச் சும்மா இருப்பது தெரியவில்லை. ஏதாவது ஒரு வயரை இழுக்க வேண்டும், எதையாவது தட்ட வேண்டும் என்று விரல் துடித்தது. தொட்டால் கெட்டுவிடும் என்று பொனட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

“ரெண்டு” என்றார் சூசைரட்ணம்.

அழகன் அவனிடம் வந்தான். மிகவும் மெதுவாகத்தான் பேசினான். “பாஸ், காரை எடுக்கிறப்ப உங்களுக்குத் தெரியும்ல, இது நிக்கும்னு?”

“நிக்கும்னு தெரியாது. சரியில்லைன்னு தெரியும்.”

“சொல்லியிருந்தா ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி பஸ்ஸையாவது மறிச்சிருப்பேன்.”

கஸ்பர் உள்ளங்கையைத் திறந்து ஃபியூஸைப் பார்த்தான்.

“மூணு” என்ற குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில், “அழகா, இங்க வா. கூப்பிடு இவளை. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு.”

அழகன் உள்ளே குனிந்து, “லெச்சுமி, ஏ லெச்சுமி, இந்தா இருக்கேன்” என்று கூப்பிடத் தொடங்கினான். முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டான். பிறகு குரல் உடைந்தது. அவள் மூச்சு ஒருமுறை நின்று, நீண்ட இடைவெளிக்குப் பின் இழுத்துக்கொண்டு வந்தது.

“அய்யா, போடட்டுமா?” என்றான் கஸ்பர்.

“நாலு ஆகல.”

“அய்யா!”

“நீதானே விடாதேன்னு சொன்ன? நில்லு.”

நின்றான். மரியாயே வாழ்க என்று செபத்தைத் தொடங்கினான், பாதியில் வரி மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். எங்கோ கீழே ரயில் ஊதியது. ஐந்து என்ற சொல் வந்தது. அதற்கும் ஆறுக்கும் நடுவே, ஒரு மனிதன் செத்துப்போகிற அளவுக்கு நேரம் இருந்தது.

“ஆறு. போடு!”

ஃபியூஸ் உள்ளே போய் உட்கார்ந்தது. கஸ்பர் சீட்டில் விழுந்து, அக்சிலேட்டரை அடிவரை அமுக்கிச் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது, பிறகு எஞ்சின் ஒரே அடியாகப் பற்றி உறுமியது. காலை மெல்ல எடுத்தான். உதறவில்லை. கண்ணாடியில் பார்த்தான், புகை இல்லை. அழகன் ஓடிவந்து ஏறி, கதவைச் சாத்துவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

உச்சி வரைக்கும் எஞ்சினில் ஒரு சின்ன மாறுதல் கேட்டாலும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இறக்கம் தொடங்கியதும் கஸ்பர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டரம்மா நாகலெட்சுமியைப் பார்த்த உடனேயே ஊசி மேல் ஊசியாகப் போட்டு ஒட்சிசன் வைத்தாள். இரண்டு மணி போல சூசைரட்ணம் வெளியே வந்தார். “வீக்கம் வடியத் தொடங்கிருச்சு. அழகனைக் கேட்டாளாம்” என்றார். கஸ்பர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மாலையில் அவனே காரைத் தலவாக்கலை ஸ்டேசனுக்கு ஓட்டிப்போனான். பெரிய துரை பெட்டியோடு இறங்கினார். தன் காருக்குப் பக்கத்தில் கஸ்பரைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினார். கஸ்பர் சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னான்: பிளக் மாட்டாமல் ஸ்டார்ட் பண்ணியதை, பல்பை, கேட்காமல் காரை எடுத்ததை.

துரை கடைசி வரைக்கும் கேட்டார். “அந்தப் பொம்பளை பிழைத்துவிட்டாளா?” என்றார்.

“பிழைச்சிட்டா சார்.”

“காரைக் கொண்டுபோனது பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த பல்ப்... இந்தக் காரில் என் பிள்ளைகள் போகிறார்கள். இனி நீ என் தோட்டத்து வேலைக்கு வராதே.”

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கஸ்பர் ஸ்டேசன் பிளாட்பாரத்தில் வட்டவளை ரயிலுக்குக் காத்திருந்தான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழகன் வட்டவளையில் கஸ்பரின் வயரிங் கடைக்கு வந்தான். கஸ்பர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். அழகன் உட்காரவில்லை.

“அவ கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கிட்டா. ஒரு கண்ணுல மட்டும் கொஞ்சம் மங்கலாத் தெரியுதாம்.”

“நல்லாயிரும்” என்றான் கஸ்பர்.

“துரைகிட்ட நீங்களே சொல்லிட்டீங்கன்னு டாக்டரய்யா சொன்னாரு. நாங்க யாரும் சொல்லியிருக்கமாட்டோம் பாஸ்.”

“தெரியும்.”

அழகன் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தான். “நன்றி சொல்லிட்டு வாங்கன்னு அவதான் அனுப்புனா. எனக்கு இன்னும் கோவம் போகல. பொய் சொல்ல வரல.”

“கோவம் போகவேணாம். உக்காரு. பிளேண்டி தேத்தண்ணி சொல்றேன்.”

அழகன் யோசித்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, “சீனி கொஞ்சமாப் போடச் சொல்லுங்க” என்றான்.