சின்னராசா சொன்ன கொழும்பு

"கொழும்புக்குப் போறவன் மொதல்ல காலிமுகத்திடலுக்குத்தான் போகணும். அதுவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. உச்சி வெயில்ல போய் நிக்கிறவன் பட்டிக்காட்டான்னு பாத்த ஒடனே தெரிஞ்சிரும்" என்று சின்னராசா ஆரம்பித்தார்.

அவர் அட்டன் கடைவீதியில் மேசை போட்டு மற்றவர்களுக்கு மனு, பெட்டிசம் எழுதிக் கொடுக்கிறவர். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருஷம் கொழும்பு செட்டியார் தெருவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். அட்டனுக்கு வந்து ஒன்றரை வருஷமாகியும் இன்னும் தன்னைக் கொழும்புக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அவருக்கு எதிரே பெஞ்சில் நல்லமுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் பூரணி, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் நடந்து வந்தவர்கள்.

கொழும்பைச் சுற்றிப் பார்க்க அவர்கள் யாரும் போகவில்லை. நல்லமுத்து போட்டிருந்த பிரஜாவுரிமை மனு அந்த 1956ஆம் வருஷந்தான் விசாரணைக்கு வந்திருந்தது. மனுப்போட்ட தேதிவரைக்கும் அவரும் பெண்சாதி பிள்ளைகளும் இடைவிடாமல் இந்த நாட்டிலேயே இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். எல்லாருக்கும் கணக்குச் சரியாக இருந்தது, பூரணிக்கு மட்டும் இடித்தது. நாற்பத்தேழில் தோட்டத்துப் பள்ளிக்கூட இடாப்பில் அவள் பெயரை வெட்டியிருந்தார்கள். அரிசிக் கூப்பனிலும் அதே மாசத்தில் வெட்டியிருந்தார்கள். மறுபடி பெயர் ஏறியது ஐம்பத்தொன்றில். நடுவில் நாலு வருஷம் பிள்ளையை இந்தியாவில் கொண்டுபோய் விட்டிருந்தாயா என்று முதல் விசாரணையிலேயே கேட்டுவிட்டார்கள். அடுத்த தடவை மகளையும் கூட்டி வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

அந்த நாலு வருஷமும் பூரணி கொழும்பில்தான் இருந்தாள். எட்டு வயதில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி, பொறளையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள், பன்னிரண்டு வயதில் டைபாய்டு காய்ச்சலோடு திரும்பி வந்தாள். அந்த வீட்டு ஐயாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நல்லமுத்து நினைத்தார். கணக்கப்பிள்ளைதான் விலாசம் போட்டு அனுப்பினார். பதில் இரண்டு வரியில் வந்தது. அப்படி ஒரு பிள்ளை தங்கள் வீட்டில் வேலை செய்யவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தேன் என்று எந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போடுவார்?

அதைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளையும் கைவிரித்துவிட்டார். ஆகவே பூரணியின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாயோ வீட்டுக்குள்ளேயே சரியாகத் திறக்காத வாய்.

"தங்கச்சி, காலிமுகத்திடல்ல கடல் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று சின்னராசா கேட்டார்.

பூரணி அப்பாவைப் பார்த்தாள்.

"அவ கடல் பாக்கலீங்க" என்றார் நல்லமுத்து. சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிப் போயிற்று.

"கொழும்புல நாலு வருஷம் இருந்துட்டுக் கடல் பாக்கலியா? என்னாத்தத்தான் பாத்த?"

"குசினிங்க" என்றாள் பூரணி.

சின்னராசா சிரித்தார். பக்கத்துக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அம்மாடி, தொரகிட்டப் போய் குசினி, சட்டி பானைன்னு சொல்லிடாத. குசினி எல்லா ஊர்லயுந்தான் இருக்கு. கொழும்புன்னா நாலு பேரு கொழும்புன்னு ஒத்துக்கிற மாதிரி சொல்லணும். கேட்டுக்க. கடல்ங்கிறது, நம்ம மலைக்கு மேல நின்னு கீழ பாத்தா காலையில மேகம் பரந்து கெடக்குமே, அந்த மாதிரி. ஆனா நீலம். ஓயாம சத்தம் போடும்."

அவருக்குப் பேச்சு சூடேறிவிட்டது. நூதனசாலையில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தெகிவளை மிருகக்காட்சிசாலையில் சாயங்காலம் யானை ஆடும், முன்கூட்டியே போய் இடம் பிடிக்காவிட்டால் முன்னால் நிற்பவன் முதுகைத்தான் பார்க்கலாம். ஆடி மாசம் செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்படும், அன்றைக்குத் தெருவில் எள் போட்டால் கீழே விழாது. கோட்டையில் ஒரு மணிக்கூண்டு, அதன் தலையிலேயே வெளிச்ச வீடு. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி கொளுத்தப் போனால் சைவம், வேதம், புத்த சமயம் என்று பார்க்க முடியாது, எல்லாரும் ஒரே வரிசைதான்.

"இங்கயெல்லாம் நடந்து போக முடியாது. ட்ரொலி பஸ்ஸுல போகணும். தலைக்கு மேல கம்பி, அதுல கரண்டு. பொகை கெடையாது, சத்தம் கெடையாது, பூனை மாதிரி வந்து நிக்கும். அந்த மாதிரி பஸ் இந்த நாட்டுல வேற எங்கயும் இல்ல. அதச் சொல்லு, கேக்கிறவன் வாய மூடிக்குவான்."

நல்லமுத்து மகளிடம், "மனசுல வாங்கிக்கிட்டியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த மூன்று வாரமும் பூரணி கொழும்பைப் பாடம் பண்ணினாள். விடியற்காலை பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து மலை ஏறியதிலிருந்து, கூடை நிறைகிற வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த அம்மா வீரம்மா ஒரு நாள் கேட்டாள்.

"என்னா புள்ள முணுமுணுக்கிற?"

"திமிங்கிலம்மா."

"அது கடிக்குமா?"

"எலும்புதாம்மா."

வீரம்மா கொஞ்ச நேரம் கொழுந்தையே எடுத்தாள். பிறகு, "நெசத்தைச் சொன்னா ஆகாதாமா?" என்றாள்.

"சின்னராசாண்ணன் ஆகாதுன்னு சொல்லிட்டாரு."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. எழுதப் படித்தவர் சொன்னதை வீரம்மா எப்படி மறுப்பாள்?

விசாரணை நுவரெலியாவில். புருஷன், பெண்சாதி, மகள் மூவரும் அட்டனில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்துப் போனார்கள். நல்லமுத்து ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அது கைகளை முக்கால்வாசிதான் மூடியது. வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் குந்தியிருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் பேச்சே இல்லை. உள்ளேயிருந்து பெயர் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்ற பயம்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி. மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், கோபக்காரராகத் தெரியவில்லை. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். அதிகாரி இடாப்பைப் பார்த்தார், கூப்பன் விவரத்தைப் பார்த்தார், பிறகு பூரணியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பயப்பிடாதை, பிள்ளை" என்றார் மொழிபெயர்ப்பவர். "நாப்பத்தேழிலையிருந்து அம்பத்தொண்டு மட்டும் நீ எங்கை இருந்தனீ?"

"கொழும்புலங்க. பொறளையில."

"என்ன தெரு? வீட்டு நம்பர் என்ன?"

அது அவளுக்குத் தெரியாது. வீட்டின் முன்வாசலை அவள் வந்த அன்று ஒரு தடவையும் போன அன்று ஒரு தடவையும்தான் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

"நாலு வருசம் இருந்தாய், தெரு தெரியாது. சரி, கொழும்பிலை என்னென்ன பாத்தனீ எண்டு ஐயா கேக்கிறார்."

பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால்தான் வரிசையாக வரும். காலிமுகத்திடல் வந்தது, நீலக் கடல் வந்தது, திமிங்கிலம், யானை, வேல், மணிக்கூண்டு எல்லாம் வந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. கண்ணைத் திறந்தபோது அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதர் ஒருவர் தன் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டது அவளுக்குப் புதிது. அப்பாவின் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது.

"இடத்துக்கு இடம் எப்பிடிப் போனனீங்கள்?"

"ட்ரொலி பஸ்ஸுலங்க. மேல கம்பி இருக்கும். பொகை வராது. பூனை மாதிரி வரும்."

"எத்தினை தரம் போயிருப்பாய்?"

"நெறையத் தரம் போயிருக்கேங்க" என்றாள் பூரணி. அவள் வாழ்க்கையிலேயே தானாகக் கூட்டிச் சொன்ன சொல் அதுதான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். மொழிபெயர்ப்பவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, அந்த பஸ் ஓடத் துவங்கினது அம்பத்து மூண்டிலை. நீ வந்தது அம்பத்தொண்டிலை எண்டு உன்ரை தேப்பன் எழுதிக் குடுத்திருக்கிறார்."

இரவல் கோட்டுக்குள் நல்லமுத்து ஒடுங்கிப் போனார்.

அப்போதுதான், யாரும் சொல்லித் தராத ஒன்று பூரணியின் வாயில் வந்தது.

"டிராமுங்க ஐயா. டிராம் மணி கேக்கும். நான் பாக்கலீங்க, மதிலுக்கு அந்தாண்ட போகும். இருட்டோட மொத மணி கேக்கும். அது கேட்ட ஒடனே எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கணும். ரெண்டாவது மணிக்குள்ள தண்ணி கொதிக்கலைன்னா வீட்டுக்கார நோனா..."

மொழிபெயர்ப்பவர் அதில் பாதியைச் சொன்னார். அதிகாரி கையை உயர்த்தினார்.

"கொழும்பிலை டிராம் ஓடினது ஊருக்கே தெரிஞ்ச விசயமாம். பிழை பிடிபட்டவுடனை கதையை மாத்துறாய் எண்டு சொல்லுறார்." பிறகு நல்லமுத்துவின் பக்கம் திரும்பினார். "இந்தியாவிலை மகளை ஆரின்ரை வீட்டிலை விட்டிருந்தனீர்?"

"இந்தியாவ நானே பாத்ததில்லீங்க சாமி" என்றார் நல்லமுத்து. அதை எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது நல்லமுத்து மகளைத் திட்டினார். "நாலு வருஷம் இருந்த ஊர்ல ஒரு பஸ்ஸு எப்ப வந்துச்சுன்னு தெரியல. வாயில்லாத கழுதைக்கு இன்னைக்குப் பாத்து வாய் வந்துச்சு."

"குசினிக்குள்ள பஸ்ஸு வருமாங்க?" என்றாள் வீரம்மா. புருஷனைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "அந்த வீட்டுக்கு அவளா போனா?"

நல்லமுத்து கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் அவர் சின்னராசாவிடம் போய் நின்றார். சின்னராசா மேசையை விட்டு நிமிராமலே சொன்னார்: "நான் சொல்லிக் குடுத்ததுல எது தப்பு, சொல்லுங்க. காலிமுகத்திடல் இல்லியா? யானை இல்லியா? பஸ்ஸு இல்லியா? எல்லாம் இருக்கு. ஒங்க புள்ளைக்கு வருஷந்தான் தெரியல."

மூன்று மாசம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துத் தமிழில் சொன்னார். மனு நிராகரிக்கப்பட்டது. மனுதாரரின் மகள் 1947 முதல் 1951 வரை இலங்கையில் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. இந்தியாவில் இருந்ததாகவே கருத வேண்டியுள்ளது. வாத்தியார் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.

செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பூரணி வாளியோடு பீலிக்குப் போனாள். அங்கே தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"வாங்க வாங்க, இந்தியாக்காரி. ஒருத்தருக்கும் சொல்லாம போயிட்டு வந்துட்டீங்களே."

"எங்களுக்கு ஒரு சீலை வாங்கிட்டு வரப்படாதா?"

"மதுரைக் கோபுரம் பாத்தியாடி? அதையும் பாக்கலன்னு சொல்லிடாத."

பூரணி வாளியை வைத்துவிட்டுக் குனிந்து நின்றாள். சிரித்தவர்கள் ஒவ்வொருத்தராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லெட்சுமி மட்டும் நின்றாள். லயத்தின் கடைசி அறையான காம்பராவில் குடியிருப்பவள், நாலு பிள்ளைக்காரி. அவள் புருஷனின் மனுவையும் போன மாசம்தான் தள்ளியிருந்தார்கள். அவள் சிரிக்கவே இல்லை. மற்றவர்கள் திருப்பம் தாண்டிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாத்தான் போயிருந்தியா பூரணி? எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்களையெல்லாம் அங்க அனுப்பிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அங்க நம்மள மாதிரி ஆளுங்களுக்கு என்னா இருக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் பூரணி வாயெடுத்தாள். லெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். கவர்மெண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கும்போது தான் இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

"ஒரு அடுப்படி இருக்குக்கா" என்றாள். "செவரு பூராவும் கரி. தேங்கா மட்டைதான் எரிக்கணும். அடுப்புக்குப் பக்கத்துலயே சாக்கு விரிச்சுக்கிட்டா குளிராது. எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் தேங்கா செரட்டையில சோறு போடுவாங்க. தீஞ்ச சோறா இருந்தாலும் போடுவாங்க. பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, அடியேய்னுதான் கூப்பிடுவாங்க. தலைக்கு எண்ணெ கெடையாது. பேனுன்னு சொல்லி மொட்டை அடிச்சுருவாங்க."

லெட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டதையெல்லாம் புருஷனிடம் சொல்வதற்காக மனசில் அடுக்கிக்கொள்வது முகத்திலேயே தெரிந்தது.

"சன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருக்குக்கா. அதுல மதிலுதான் தெரியும்."

"நம்ம காம்பராவுல அதுவும் இல்ல" என்று லெட்சுமி சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.