கஞ்சி பட்ட சீட்டு

"நோட்டு அடிக்கறவங்க ஊட்டுல பசியே இருக்காதாங்கப்பா?" என்று மகள் ராமாத்தாள் கேட்டிருந்தாள். ராசிபுரத்து அச்சுக்கூட வாசலில் நின்றபோது நெசவாளி சென்னிமலைக்கு அதுதான் நினைவில் ஓடியது.

யுத்தத்தில் சில்லறைக் காசு மாயமாகிவிட்டது. நூல் முதலாளி இந்த அச்சுக்கூடத்தில் 'ஒரு அணா' என்று சீட்டு அச்சடித்து, நெசவாளிகளுக்கு அதையே கூலியாகக் கொடுத்தார். அவர் கடையில் மட்டும் அதற்கு அரிசி கிடைக்கும். சென்னிமலை மடியில் வைத்திருந்த எட்டுச் சீட்டும் தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது நனைந்து, முதலாளியின் நீல முத்திரை கரைந்துபோனது. கடையில் வாங்க மறுத்தார்கள். வீட்டில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை.

அச்சுக்கூடத்தில் காவலிருந்த முதலாளியின் கணக்கப்பிள்ளை மாதையன் பிரம்பை நீட்டி மறித்தான்.

"எங்கெடா உள்ள வார? அச்சப் பாத்துட்டுப் போயி ஊட்டுல அடிக்கலாம்னா?"

"இல்லீங்க சாமி, சீட்டு நனைஞ்சு போச்சுங்க. மாத்திக் குடுத்தீங்கன்னா..."

"வேட்டிய ஒதறு. வாயத் தொற."

உதறினான். வாயைத் திறந்தும் காட்டினான். மாதையன் சீட்டுகளைத் தரையில் எறிந்தான். "கள்ளச் சீட்டு. போலீசுக்குச் சொல்லட்டுமா?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிதி அச்சு இயந்திரம் நின்றது. அதை மிதித்துக்கொண்டிருந்த பொன்னன் ஒரு சீட்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"நம்ம அச்சுதானுங்க. இந்த 'ஒ'னாவுக்குச் சுழி ஒடைஞ்சிருக்குது பாருங்க. மாத்தச் சொல்லி நானே நாலு தடவ கேட்டனே."

மாதையனின் முகம் கறுத்தது. "பெரிய சாட்சிக்காரன்! சரி, மாத்தித் தாரேன். அந்த எட்டணாவ உன்ற இன்னைக்குக் கூலியில புடிச்சுக்கறேன்."

"புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பொன்னன் கிழிந்த துண்டில் கை மையைத் துடைத்தான்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் சென்னிமலை கையை நீட்டினான். மகளின் முகம் முன்னால் நின்றது. புதுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மூலையில் திறந்து கிடந்த பொன்னனின் தூக்குப்போசியைப் பார்த்தான். அடியில் கொஞ்சம் நீராகாரம், ஒரு பச்சை மிளகாய். மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த மாதம் முழுவதும் தினமும் கூலி நெசவு முடிந்த பிறகு, மிச்ச நூலில் அரை முழம், கால் முழமாக ஒரு துண்டு நெய்தான். கூலியிலும் வாரத்துக்கு இரண்டு சீட்டு ஒதுக்கினான்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வேளையில், சாப்பாட்டு நேரத்துக்கு அச்சுக்கூடம் பூட்டிக் கிடந்தது. தெருவில் ஆளில்லை. சென்னிமலை பின்பக்கச் சன்னல் கம்பிக்குள் கைவிட்டு, ஆணியில் தொங்கிய பொன்னனின் மை படிந்த கிழிந்த துண்டின் மேல் புதுத் துண்டை மாட்டினான். அதன் முனையில் எட்டுச் சீட்டை முடிந்து வைத்திருந்தான்.

எட்டிலும் முத்திரை அழியாமல் இருக்கிறதா என்று காலையிலேயே இருமுறை பார்த்திருந்தான். முருகனை நினைத்துச் சன்னல் பக்கமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பினான்.