சிவப்பு நூல் கட்டிய கன்றுகள்

விளக்குப் பெட்டியின் மேல் விரித்திருந்த எக்ஸ்ரே படத்தை அருந்ததி மறுபடியும் படித்தாள். கறுப்புக் கோடுகள் ஏணிப்படிகள்போல் ஏறின. ஒவ்வொரு கோடும் ஜாதிக்காய் மரத்தின் மரபணுவில் ஓர் எழுத்து. பாதி வழியிலேயே, 'இங்கே நில்' என்று செல்லுக்குச் சொல்லும் மூன்று எழுத்துகள் குறுக்கே கிடந்தன. தான் தப்பாகப் படிப்பதாக இருக்கக் கூடாதா என்று நினைத்தாள். தப்பில்லை.

"சலேஹா அக்கா, இது செத்த மரபணு."

ஆய்வுக்கூடத்தின் பக்கத்து மேசையில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்த சலேஹா எட்டிப் பார்த்தாள். "வேலை செய்யாத போலி மரபணுவா? நல்லதுதானே, ஒரு கட்டுரை எழுதலாம்லா. அதுக்கு ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"இத நம்பித்தான் அய்யாக்கண்ணு அண்ணன் தோட்டத்துல நூல் கட்டிட்டு வந்தேன்."

சலேஹாவின் கை நின்றது. "எப்ப வெட்டுறாரு?"

"இன்னிக்கு."

ஜாதியில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய்ப்பது பெண்தான். பூக்கும்வரை எது எதுவென்று யாருக்கும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் அய்யாக்கண்ணு, ஒன்றாவது பெண்ணாக இருக்கட்டும் என்று ஒரு குழிக்கு இரண்டு கன்று நட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அருந்ததி இலைகளைச் சோதித்து, மரபணுத் துண்டுகளைப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஒரு குறிப்பிட்ட பட்டை தெரிந்த கன்றெல்லாம் ஆண் என்று முடிவுகட்டி, வெட்டுவதற்கு அடையாளமாக அவற்றில் சிவப்பு நூல் கட்டினாள். காய்த்த பெண்மரங்களில் அந்தப் பட்டை இல்லை என்று முன்பே பார்த்திருந்தாள். எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்தப் பெண்மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்து விதையில் வந்தவை என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. நேற்று வேறொரு தோட்டத்துப் பெண்மரத்திலும் அதே பட்டை வந்தது. அந்தப் பட்டைதான் இப்போது விளக்குப் பெட்டியின் மேல் கிடந்த செத்த மரபணு.

தோட்டத்தில் தொலைபேசி கிடையாது. அருந்ததி ஏறிய பேருந்து தெலுக் கும்பார் ஊரைத் தாண்டி மலை வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. எந்தக் காலத்திலோ அந்த மரபணு இரண்டு பிரதியாகியிருக்க வேண்டும் என்று யோசித்தாள். வேலை செய்த பிரதியில் பிழை விழுந்த மரம் பிழைக்கவில்லை. சும்மா இருந்த பிரதியில் எத்தனை பிழை விழுந்தாலும் மரத்துக்கு நஷ்டமில்லை. அப்படியே அது செத்தது. சில மரங்களில் தங்கியது, சிலவற்றில் உதிர்ந்துபோனது. ஆண், பெண் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. உயிருள்ள பிரதியோ எல்லா மரத்திலும் உண்டு. மொட்டுக்குள் அது எப்போது விழிக்கிறது என்பதில்தான் ஆணா பெண்ணா என்ற விஷயம் இருக்கிறதோ என்னவோ. இலையைக் கிள்ளிப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

பாராங் கத்தி மரத்தில் இறங்கும் சத்தம் சாலைக்கே கேட்டது. ஓடினாள்.

"வா தங்கச்சி!" அய்யாக்கண்ணு வியர்வையைத் துடைத்தார். "பாதி முடிஞ்சிருச்சு. உன் புண்ணியத்துல வெட்டுன எடத்துல இந்த வருஷமே டுரியான் பழக் கன்னு வெச்சிரலாம்."

"நிறுத்துங்க அண்ணே. நான் சொன்னது தப்பு. நூல் கட்டுனதுல பொண்ணும் இருக்கும்."

"எது பொண்ணு?"

"தெரியாது."

"அப்ப எதுக்குக் கட்டுன?"

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவர் வெட்டிப்போட்டவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கன்றை மட்டும் தூக்கி அவளிடம் நீட்டினார். இலையடியில் தனியாக ஒரு மொட்டு, பருவத்துக்கு முந்தியே வந்தது. ஆண் பூ கொத்தாகத் தொங்கும். இது அடி பருத்து, சின்ன ஜாடிபோல் இருந்தது. பெண்மரம்.

"பூக்கட்டும், பொறுன்னுதான் என் பொண்டாட்டி சொன்னா. உன்னக் காட்டித்தான் அவ வாய அடச்சேன்," என்றார். "இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சோத்துக்குப் போறது?"

அருந்ததி மொட்டை வாடாமல் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். பிறகு நிற்கிற கன்று ஒன்றிடம் போய் நூலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அவுக்காத."

திரும்பினாள்.

"இருக்கட்டும். மாசாமாசம் நீ வந்து பாக்கணும். எது பொண்ணாப் பூக்குதோ அத நீதான் அவுக்கணும். மத்தவன் கைய வைக்கக் கூடாது."

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆவும்ணே."

"ஆவட்டும்லா."

பாதி அவிழ்ந்த முடிச்சை அவள் திரும்பவும் போட்டாள். தண்டு பருக்க இடம்விட்டு, தளர்வாக.