கூரைப் பகிடி

ஜவாத் எழுதும் தேர்தல் கோஷம் ஊருக்கு ஊர் மாறும். சம்மாந்துறை வயல்காரருக்கு வாய்க்கால் தண்ணீர், மருதமுனை நெசவாளிக்கு மலிவு நூல். எதிராளியைக் கிண்டலடிக்க எல்லாருக்கும் பொதுவாக ஒரு பகிடி வேண்டுமென்றார் வேட்பாளர் மக்கீன் ஹாஜியார். எதிர்த்து நிற்பவர் பாலமுனைக்காரர், கல்முனையில் கல்யாணம் முடித்து மனைவி வீட்டோடு வந்து தங்கியவர். ஜவாத்துக்கு அது போதும்.

"மனிசி ஊட்டுக் கூரைக்குக் கீழ ஒதுங்கினவரா மக்களுக்குக் கூரை போடுவாரு?"

ஓட்டோ ஒலிபெருக்கியில் அது சந்தைக்குள் நுழைந்தபோது கல்யாணமாகாத பொடியன்மார் மட்டும் சிரித்தார்கள். மற்ற ஆண்கள் தலையைக் குனிந்து மீன் பார்த்தார்கள். இந்தக் கரையில் மனைவிக்குக் கிடைத்த சீதன வீட்டில் குடியிருக்காத மாப்பிள்ளை யார்?

ஹாஜியார் போனில் கத்தினார். "டேய், நானும் மனிசி ஊட்டிலதான்டா இருக்கன்!"

ஜவாத் வீட்டுக்கு ஓடினான். வாசல் கேற் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

"கேற்றத் திற புள்ள. அது சும்மா அரசியல்."

"ஓம், கேட்டன்," என்றாள் மனைவி பஸ்மிலா. "எங்கட வாப்பா போட்ட கூரைக்குக் கீழ இருந்துதானே எழுதினீங்க? அடுத்தத வெளியில நிண்டு எழுதுங்க."

ஊர் ஊராக மயக்கியவன் இந்த ஒருத்திக்கென்று ஒரு வரி எழுதச் சட்டைப்பையில் பேனா தேடினான். அதற்குள் அதே பகிடியை அலறிக்கொண்டு ஓட்டோ அவர்களுடைய தெருவுக்கே திரும்பியது. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஜவாத் அதை மறிக்க ஓடினான்.