முன்கூட்டிச் சொன்ன நன்றி

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், "இந்த வாரம் சாட்சி சொல்ல..." என்று இழுத்தபோதே லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து நாற்காலியில் மனைவி நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அதே மைக்கில் நின்று, கணவனுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னவள் அவள்தான். அப்போது நேர்காணலே நடந்திருக்கவில்லை. அந்தச் சபையில் அதுதான் வழக்கம். கையில் வாங்கிய பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும்; வாங்குவதற்கு முன்பே சொன்னால்தான் விசுவாசம். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் இப்படித்தான் கார் வாங்கினார், பிறகு வீடு, பிறகு அதைவிடப் பெரிய வீடு. அந்தச் சகலைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு உட்காருவது மெக்கானிக்குக்குப் பழகிவிட்டது. மனைவிக்குத்தான் பழகவில்லை.

வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை, ஓர் அலுவலகக் கட்டடத்து மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் அவன் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் சொன்னார். கிடைத்தவன் கெட்டிக்காரன்தான், மெக்கானிக்கே அவனிடம் சந்தேகம் கேட்டிருக்கிறான். குறை சொல்லக்கூட ஒன்றும் அகப்படவில்லை. போனை வைத்துவிட்டு, கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினான். எந்தக் கட்டடமாக இருந்தாலும் மதிய ஜெபம் அவனுக்கு மோட்டார் அறையில்தான். இத்தனை நாளும் சூப்பர்வைசர் வேலைதான் அந்த ஜெபத்தின் முதல் வரியும் கடைசி வரியும். அன்றைக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அப்படியானால் எழுந்து வேலையைப் பார்க்கலாம்; ஆனால் போக மனம் வரவில்லை. சும்மா இருந்தான். தன்னோடு இன்னொருவரும் சும்மா இருப்பதுபோலத் தோன்றியது. அது அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கேட்ட வேலை கைநழுவிய நேரத்தில் இதென்ன சந்தோஷம் என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் அதன் பாட்டுக்கு இருந்தது.

சொன்னபோது மனைவி கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே, "சபையில யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்," என்றாள்.

"கேட்டா?"

"கொஞ்சம் தாமதமாகுதுன்னு சொல்லுங்க. வேற எடத்துல வராமலா போயிடும்?"

"நீ இந்த வேலைக்குத்தானே நன்றி சொன்ன."

"அதான் சொல்றேன். அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? எனக்காக இந்த ஒரு தடவ வாயை மூடிட்டு இருங்களேன்."

அவள் அவனிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினான். மடித்த சட்டையையே அவள் மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பாஸ்டரின் பார்வை சுற்றி வந்து அவன் மேல் நின்றது. "நம்ம சூப்பர்வைசர் தம்பி, வாங்க," என்றார். முன்வரிசையிலிருந்து சகலை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மனிதர் நல்லவர்தான், மச்சினி குடும்பம் முன்னுக்கு வந்துவிட்டதென்று உண்மையாகவே பூரித்துப்போயிருந்தார்.

மைக்கைப் பிடித்தான். தாமதமாகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மோட்டார் அறையில் தன்னோடு சும்மா இருந்த அந்த இன்னொருவரை இங்கே வைத்துக்கொண்டு எப்படிப் பூசி மெழுகுவது என்று புரியவில்லை.

"அந்த வேலை எனக்குக் கிடைக்கல," என்றான். "வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. நல்லா வேலை தெரிஞ்சவரு. ஆனா நாங்க நன்றி சொல்லிட்டோம். அதைத் திருப்பி வாங்கிக்கப் போறதில்ல. ஆண்டவர்கிட்டயே இருக்கட்டும்."

சாட்சி முடிந்தால் கைதட்டுவது வழக்கம். இதற்குத் தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாதிக் கைகள் எழுந்து, மறுபடியும் மடிக்கே போயின. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் எழுந்து நின்று பாடலாம் என்றார். கீபோர்டுக்காரர் அவசரத்தில் ஒரு கட்டை மேலே பிடித்துவிட்டார்.

அவன் இடத்துக்குத் திரும்பியபோது மனைவி மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தாள். அவனும் உட்கார்ந்தான். சுற்றிலும் வெறும் முதுகுகள். ஒருவர் முகமும் தெரியவில்லை.

"சொன்ன சொல்லக் காப்பாத்தல நீங்க," என்றாள்.

"ஆமா."

சபையில் ஓங்கிக் கேட்பது எப்போதும் அவளுடைய குரல்தான். இன்று அது இல்லாமலே பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போனது. அவன் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"வேலை கிடைச்சவருக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

அவள் முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. பாட்டின் வார்த்தைகள் அல்ல அவை.