துண்டுக்கடியில் மாலினி

எங்கள் ஊரில் தொலைக்காட்சித் தொடர்களின் கடைசிக் காட்சியை மாட்டுத் தரகர்களாகிய நாங்கள்தான் கைமேல் துண்டு போட்டு, அடியில் விரல் பிடித்துப் பேசி முடிப்போம். முடித்ததைத் தொடர்காரர்களுக்குச் சொல்லியனுப்பினால், அப்படியே எடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்டிவிடுவார்கள். எந்தத் தரகனின் முறையோ, அவன் வீட்டில் அதே நேரத்தில் அந்த முடிவு நடக்கும். முடிவு என்று ஒன்று இருந்தால் அது நடக்க ஒரு வீடு வேண்டுமல்லவா?

போன முறை நாச்சிமுத்துவுடையது. கொட்டுகிற மழையில் நாயகன் எல்லோரையும் மன்னிப்பதாகப் பேசி முடித்தார். நல்ல முடிவு என்று ஊரே சொன்னது. அவர் வீட்டுக் கூடத்தில் மழை இன்னும் விடவில்லை. வடக்கு மூலையில் நாற்று விட்டிருக்கிறார், சுமாராக வந்திருக்கிறது.

இந்த முறை என்னுடையது.

தொடரில் மாலினி என்று ஒருத்தி. அடித்து உதைக்கிற புருஷனுக்குப் பாயசத்தில் விஷம் வைத்துவிட்டு, மாரடைப்பு என்று ஊரை நம்பவைத்துவிட்டாள். பார்க்கிற எங்களுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். புருஷன் ஏற்கெனவே செத்துவிட்டதால் எனக்கு ஆபத்தில்லை. மாலினிக்கு என்ன ஆகிறதோ அது என் மனைவி பாவாயிக்கு ஆகும். எங்கள் வீட்டில் வேறு பெண் கிடையாது. எருமை ஒன்று உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள்.

சந்தையில் வாரக்கணக்காக இதே பேச்சு. மாவுமில் நல்லமுத்து தூக்குக் கட்சி.

"கொலை பண்ணுனவ தண்டனை இல்லாம போனா, பாக்கற புள்ளைங்க என்னத்தக் கத்துக்குமுங்க? தூக்குல போட்டாத்தான் நாயம்."

வளையல் கடை தேவாத்தா விடுதலைக் கட்சி. "ஏனுங் மாமா, உங்க முதுகுல தெனமும் பெல்ட்டு விழுந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா? மாவுல தவிட்டக் கலக்கற நாயம் மட்டும் எந்தக் கோர்ட்டுல பேசறதுங்க?"

பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலர், முடிவைச் சொல்லாமல் விடுவதுதான் உயர்ந்த முடிவு என்றார்கள். அவர்களுக்கு மாடு வாங்கும் பழக்கமும் கிடையாது.

நான் கேட்டேன். "தூக்கு வேணுங்கறவங்க யாராச்சும் முறைய மாத்திக்கறீங்களா? என்ர ஊட்டுக்குப் பதிலா உங்க ஊட்ல நடக்கட்டும்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். "நாயம் வேற, முறை வேறங்க, பொங்கியண்ணா" என்றார் நல்லமுத்து. அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் பாவாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தூக்குன்னே முடிச்சுருங்க."

"உனக்குப் புத்தி இருக்குதா? யாரு கழுத்துன்னு தெரியுமல்ல?"

"தெரியாம என்னங்க. அடிச்சான்னா உட்டுட்டுப் போயிருக்கோணும். அன்னைக்கு அந்த ஆளு பாயசத்தக் குடிச்சுப்போட்டு, இன்னும் ஒரு கரண்டி ஊத்துன்னு கேட்டான் பாருங்க. அவளும் ஊத்துனா. ருசிச்சுக் கேக்கற வாய்க்கு அதைய ஊத்தலாமுங்களா? நம்மூடுன்னு நாயத்த மாத்தாதீங்க."

நான் சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும், அன்றும் அடக்கிக்கொண்டது. பாவாயி முறத்தை வைத்துவிட்டு, ஊறுகாய் எந்தத் தட்டில் இருக்கிறது, எருமைக்குப் பருத்திக்கொட்டையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

வியாழக்கிழமை சந்தையில் துண்டு போட்டோம். எதிரே காளியப்பன், தூக்குக் கட்சிக்காக. கட்டைவிரல் தூக்கு, ஆட்காட்டி விரல் ஜெயில், நடுவிரல் ஊரை விட்டு ஓடுவது, மோதிரவிரல் மன்னிப்பு. சுண்டுவிரல் முடிவில்லாத முடிவு, அதை யாரும் தொடுவதில்லை. எதிராளியின் எந்த விரலை மடக்குகிறோமோ அதுதான் முடிவு, அதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

காளியப்பன் கட்டைவிரலில் நின்றான். நான் அவன் மோதிரவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கல்லு மாதிரி இருந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜெயிலுக்கு இறக்கினேன். ஜெயில் என்றால் சமையலறையில் கம்பி முளைக்கும், கம்பி வழியாகச் சோறு வாங்கிக்கொள்ளலாம் என்று யோசித்தேன். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவிரலுக்கு வந்தான். அதற்கும் நான் தலையாட்டவில்லை, பாவாயியைப் பஸ் ஏற்றிவிட்டு நான் யாரிடம் சத்தம் போடுவது? துண்டுக்கடியில் இரண்டு பேர் கையும் வேர்த்து வழுக்கியது. அவன் பிடி என் மோதிரவிரல் பக்கம் நகர ஆரம்பித்தது. இன்னும் ஒரு இழுப்புத்தான்.

அப்போது காளியப்பன் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அந்தப் புருசங்காரன் உன்னாட்டந்தாண்டா இருந்தான். பாவாயி உனக்கு இன்னும் பாயசம் வெக்கலையேன்னு ஊரே பேசிக்குது."

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. கையில் அகப்பட்டதைப் பிடித்து முறுக்கிவிட்டேன்.

துண்டை எடுத்தார்கள். காளியப்பனுடைய சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

வாத்தியார்கள் மட்டும் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் பாவாயியும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். மாலினி வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். போலீசா, செத்த புருஷனின் அம்மாவா, தெரியாது. மாலினி எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திரை இருண்டுவிட்டது.

எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பாவாயி எழுந்து, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். திறக்கவில்லை, திரும்பியும் வரவில்லை. நான் கொல்லை வழியாகச் சுற்றிப்போய் வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் கொல்லை வழியாகத்தான் போய்வருகிறேன். தினமும் சாயங்காலம் ஊர்க்காரர்கள் எங்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாவாயி நன்றாகத் தெரிவாள். திறப்பாள் என்கிறார் நல்லமுத்து. திறக்கமாட்டாள், ஏன் திறக்க வேண்டும் என்கிறாள் தேவாத்தா. காளியப்பன் விரலில் கட்டுடன் வருகிறான், பின்வரிசையில் உட்காருகிறான்.

நேற்று நான் பாவாயியின் பக்கத்தில் போய் நின்றேன். தாழ்ப்பாளைப் பிடிக்காத கையின்மேல் என் துண்டைப் போட்டு, அடியில் அவள் மோதிரவிரலைப் பிடித்தேன். வெகுநேரம் பிடித்திருந்தேன். என் விரல் எதையும் அவள் மடக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. விளம்பர இடைவேளை.

பாவாயி தாழ்ப்பாளை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"இருங்க, சித்த நேரந்தான் இருக்குது" என்று சமையலறைக்கு விரைந்தாள். பால் காய்கிற வாசனை வந்தது, ஏலக்காய் வாசனை வந்தது. ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் நெருங்கி வந்தார்கள்.

நான் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். விளம்பரம் முடிந்தது. கதவு மறுபடி தட்டப்பட்டது. அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.