கணவாய் திறக்கும்வரை வெட்டாத காப்பு

எழுதிப் பழகாதவள் நான். கற்றறிந்தோர் படிக்கும் ஏட்டில் இடம் கேட்பது துணிச்சல்தான். பிழைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். என் அண்ணி சாய்ராகுலின் மணிக்கட்டைப் பற்றி வேறு எவரும் எழுதப்போவதில்லை என்பதனாலேயே எழுதுகிறேன்.

மணிக்கட்டை நாங்கள் 'பிலெக்' என்போம். வலிமைக்கும் அதுவே சொல். அடங்காத பெட்டைக் குதிரையையும் மண்டியிட்டுக் கறந்துவிடும் அண்ணியின் பிலெக், எங்கள் மேய்ச்சல் மலை முழுவதும் பேர்பெற்றது.

அண்ணன் துர்சுன் ஆடுகளை ஓட்டிவரக் கணவாய்க்கு அப்பால் சென்றிருந்தார். பனி விழுந்து வழி அடைபட்டது. அன்று மாலையே கறவைக் குதிரை உதைத்ததில் அண்ணியின் வலது மணிக்கட்டு முறிந்தது. அதிலிருந்த வெள்ளிக் காப்பின் பூட்டும் நசுங்கிப்போனது.

எலும்பு கட்டும் எசென்பாய் வந்து பார்த்தார்.

"கை ஊதுது. காப்ப வெட்டணும்மா."

"வேண்டாம் மாமா."

"வெள்ளி மேல அவ்வளவு ஆசையா? நான் ஒண்ணும் தூக்கிட்டு ஓடமாட்டேன்."

"அவரு கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்காரு. இப்பப் போயி வெட்டச் சொல்றீங்களே!"

கணவன் இறந்த வீட்டில்தான் எங்களவர் காப்பை வெட்டுவது வழக்கம்.

என் தாயார் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "அடி பைத்தியக்காரி! எம்மவன் குதிரை மேல இருக்கானா, உன் காப்புக்குள்ள இருக்கானா? கையக் குடுடி!"

"உங்க மகனே வந்து வெட்டட்டும், அத்தை."

நாங்கள் மூவரும் பிடித்துப் பார்த்தோம். எங்களை உதறித் தள்ள அண்ணிக்கு இடது கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

விரல்கள் முதலில் நீலமாயின, பிறகு கறுத்தன. அண்ணி கூடாரத்தின் வாசலில் அமர்ந்து கணவாயையே பார்த்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "இப்ப வலியே இல்ல" என்றார். அந்தப் பதில்தான் என்னை அச்சுறுத்தியது.

பனி விட்டதும் அண்ணன் சிரித்தபடியே வந்து இறங்கினார்.

"ஏய் சாய்ரா, ஒண்ணு விடாம ஓட்டிட்டு வந்துட்டேன்! ஒரு கிண்ணம் குதிரைப்பால் குடுக்கக்கூடக் கை வரலியா?"

அண்ணி சட்டைக் கையை விலக்கி நீட்டினார்.

"இப்ப வெட்டுங்க."

உரோமம் கத்தரிக்கும் கத்தரியால் அண்ணனே வெட்டினார். நகரத்து மருத்துவர் மறுநாளே கையை எடுத்துவிட்டார்.

ஆடுகளில் ஒன்றும் குறையவில்லை. அண்ணனுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. போனவை: ஒரு வலது கை, இரண்டு துண்டாகிய ஒரு காப்பு, கறக்க ஆளில்லாமல் வற்றிப்போன குதிரையின் பால்.